வீடியோ காலில் மறையும் பொடிக்கட்டம்

கேள்வி: ஆரணிப் பட்டுப் புடவைகளை வாட்ஸ்ஆப் வீடியோ காலில் காட்டி விற்கிறோம். பொடிக்கட்டமும் புட்டாவும் தெரியவில்லை என்கிறார்கள் வெளியூர்க்காரர்கள். போன் கேமரா நல்லதுதான். ஏன் இப்படி?
- வாசகி, ஆரணி

பதில்: குறை கேமராவில் இல்லை. வீடியோ கால் படத்தை உடனுக்குடன் சுருக்கி அனுப்புகிறது. சிக்னல் குறைந்தால் முதலில் போவது நுணுக்கம். புடவை என்று தெரியும். புட்டா மயிலா, மாங்காயா என்று தெரியாது.

பலர் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமான வீடியோவில் அடுத்தடுத்த 4 படப்புள்ளிகளுக்குத் தனித்தனி வெளிச்ச அளவு உண்டு. நிறத்துக்கோ நான்கிற்கும் சேர்த்து ஒரே பதிவுதான். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்ப்பதால் இந்தச் சிக்கனம். அரக்கு நிற உடலில் கரும்பச்சைப் பொடிக்கட்டம் ஓடினால், இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கோடுகள் கரைந்துவிடும். பார்த்துப் பார்த்து நெய்த வேலைப்பாடு இப்படிக் காணாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

புடவையை ஆட்டாமல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், போனை நெருக்கிக் காட்டுங்கள். அசைவு கூடினால் படம் இன்னும் மங்கும். விலை பேசுமுன் போட்டோவை டாக்குமென்டாக அனுப்புங்கள், அது சுருங்காது. பட்டு அசலா என்பதை எந்த வீடியோவும் காட்டாது. சில்க் மார்க் லேபிளையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள்.