முதற்பயிற்சியும் முதிர்ந்தோர் செயலும்

ஒரு கலையைப் பயிலப் புகுந்தோர், அதன்கண் முதிர்ந்தோர் செயலைக் கண்டு தாமும் அவ்வாறே செய்ய விழைதல் இயல்பு. அவ்விழைவு எவ்வழி நன்றாம், எவ்வழித் தீதாம் என்பது ஈண்டு ஆராயப்படும். உடம்பினாற் பயிலுங் கலையில் இது தெளிவுற விளங்குதலின், ஜப்பான் தேயத்து மற்கலையாகிய ஜூடோ எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஜூடோவை வகுத்தவர் ஜிகோரோ கானோ (1860-1938). அவர் 1882-ஆம் ஆண்டு டோக்கியோ நகரிற் கோடோகன் என்னும் பயிற்சிக்கழகத்தை நிறுவினார். அம்முறையில் எதிரியை எறியுஞ் செயல் மூன்று கூறுடையது. அவனது நிலையைக் குலைத்தல் முதலாவது. இது குஸுஷி எனப்படும். எறிதற்கேற்ற நிலையிற் புகுந்து அமைதல் இரண்டாவது. எறிந்து முடித்தல் மூன்றாவது. வல்லோனிடத்து முன்னிரண்டும் கைப்பிடியின் சிற்றசைவிலும் அடிபெயர்ப்பிலும் அடங்கிவிடுதலின், காண்பான் கண்ணுக்கு மூன்றாவதே புலனாம். அதனை மட்டும் கைக்கொண்ட இளையோன், நிலைகுலையாத எதிரியைத் தோள்வலியாற் பெயர்க்க முயன்று தானே வீழ்வன். அவன் பின்பற்றியது காரியத்தை, காரணத்தை அன்று.

அற்றேல், குழவியும் பிறர் சொற்கேட்டுப் பின்பற்றியன்றோ மொழி பயில்கின்றது. பின்பற்றல் குற்றமாமாறு யாங்ஙனம் எனின், பின்பற்றல் குற்றமன்று. எதனைப் பின்பற்றுவது என்று தேர்தலே வேண்டப்படுவது. வல்லோன் சுருக்கியது, விரித்துப் பன்முறை செய்து கைவந்த பின்னர். இளையோன் சுருக்குவது, விரிக்கக் கல்லாமையின். பெற்று விடுதலும் பெறாதொழிதலும் ஒன்றாகா. ஆகலின், அவன் பின்பற்றத்தக்கது வல்லோனது போட்டிக்களத்துச் செயலன்று; எறியாது புகும் நிலையையே மீட்டும் மீட்டும் செய்யும் உச்சிகோமி முதலாக, அவ்வல்லோன் இன்றும் விடாது செய்துவரும் அடிப்படைப் பயிற்சியேயாம்.

அவ்வடிப்படையுள் தலையாயது உகெமி. அஃதாவது ஊறின்றி வீழும் முறை. மோவாயை மார்போடணைத்துத் தலை நிலத்திற் படாமற் காத்தலும், கையால் தரையை அறைந்து வீழ்ச்சியின் தாக்கைக் குறைத்தலும் அதன் கூறுகள். இதனைக் கல்லாதான் எறிதலுக்கு விரைதல் உயிர்க்கே இடராம். ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் 2011 வரை ஜூடோப் பயிற்சியால் இறந்த மாணவர் நூற்றுவர்க்கு மேற்பட்டனர். தலையிலுற்ற ஊறே பெரும்பான்மையும் காரணம்; அவருட் பலர் முதலாண்டு மாணவர்.

ஆகவே, தம் வன்மையைக் காட்டி வியப்பித்தலினும், அவ்வன்மை எப்படிகளைக் கடந்து எய்தப்பட்டதென்று காட்டுதலே ஆசிரியர்க்குக் கடன். மாணாக்கர்க்குக் கடன், தாம் நிற்கும் படியை நாணாது அதன்கண் நிலைபெறுதல் என்க.