தாளத்தைப் படித்தவர்

ஒரு பாட்டு நமக்குப் பிடித்துவிட்டது. உடனே என்ன கேட்போம்? “பாடியது யார்?” என்று கேட்போம். “தாளம் வாசித்தது யார்?” என்று கேட்போமா? பெரும்பாலும் கேட்பதில்லை.

இந்தப் பாடம் ஒரு தாளக் கலைஞரைப் பற்றியது. அவர் பெயர் எர்ல் பால்மர். அவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்தவர். டிரம்ஸ் வாசித்தவர். உலகம் முழுவதும் பரவிய பல பாடல்களில் அவர் கைத் தாளம் இருக்கிறது.

காலில் பிறந்த தாளம்

எர்ல் 1924-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். அது அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள துறைமுக நகரம். ஜாஸ் என்னும் இசை வளர்ந்த ஊர்.

எர்ல் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. பேருந்தில் தனி இருக்கை. வெள்ளையர் தங்கும் விடுதியில் அவர்களுக்கு இடம் கிடையாது. இதெல்லாம் சட்டப்படியே நடந்தது.

எர்லின் தாய் மேடைக் கலைஞர். எர்லும் சிறு வயதிலேயே மேடை ஏறினார். அவர் ஆடியது டாப் நடனம். அந்த நடனத்துக்குத் தனிக் காலணி உண்டு. அதன் அடியில் உலோகத் தகடு இருக்கும். தரையில் தட்டினால் ‘டக் டக்’ என்று ஓசை வரும். கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆடினார். தாளம் முதலில் அவர் காலில்தான் பிறந்தது.

போருக்குப் பின் படிப்பு

இரண்டாம் உலகப் போர் வந்தது. எர்ல் படையில் சேர்ந்தார். ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். கறுப்பினப் படைவீரர்களில் பலருக்குச் சுமை தூக்கும் வேலைதான் கிடைத்தது. எர்லும் வெடிபொருள்களை ஏற்றி இறக்கும் வேலை செய்தார்.

1945-ல் போர் முடிந்தது. போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசே கொடுக்கும் என்று 1944-ல் அமெரிக்காவில் சட்டம் வந்திருந்தது. எர்ல் அந்த உதவியைப் பயன்படுத்திக்கொண்டார். சொந்த ஊரில் ஓர் இசைப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயது தாண்டிவிட்டது.

அங்கே அவர் இசையை எழுதப் படிக்கக் கற்றார். இசைக்கும் எழுத்து உண்டு. தாளில் ஐந்து கோடுகள் போட்டிருக்கும். கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளிகள் இருக்கும். எப்போது அடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை அந்தப் புள்ளிகள் சொல்லும்.

பழகாதவர் கண்ணுக்கு அவை வெறும் புள்ளிகள். படித்தவர் கண்ணுக்கு அது பாட்டு. நமக்கும் எழுத்துகள் ஒரு நாள் வெறும் கோடுகளாகத்தானே தெரிந்தன?

புதிய தாளம்

படித்த பின் எர்ல், டேவ் பார்த்தலோமியூ என்பவரின் இசைக்குழுவில் சேர்ந்தார். அந்த நகரில் ஒரு கடையின் பின்னறையில் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. சின்ன அறைதான். 1949-ல் அங்கே ஃபேட்ஸ் டொமினோ என்ற பாடகரின் முதல் பாடல் பதிவானது. டிரம்ஸ் வாசித்தவர் எர்ல்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பாட்டில் எர்ல் இரண்டிலும் நான்கிலும் அழுத்தி அடித்தார். முதலிலிருந்து கடைசிவரை அப்படியே அடித்தார். கேட்டவர்களால் சும்மா உட்கார முடியவில்லை. எழுந்து ஆடினார்கள். இவ்வகை இசைக்கு ரிதம் அண்ட் புளூஸ் என்று பெயர்.

1955-ல் லிட்டில் ரிச்சர்ட் என்ற பாடகர் வந்தார். அவர் பியானோவை வேகமாகவும் சமமாகவும் தட்டினார். எர்ல் தம் பழைய துள்ளல் தாளத்தை விட்டார். பியானோவோடு சேர்ந்து சமமாக அடித்தார். ராக் அண்ட் ரோல் என்ற இசைக்கு அந்தத் தாளம் அடித்தளமானது.

தாளைப் பார்த்தவுடன் வாசிப்பார்

1957-ல் எர்ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அது திரைப்படத் தொழில் நடக்கும் ஊர். அங்கே ஒத்திகை பார்க்க அதிக நேரம் தரமாட்டார்கள். கலைஞர் வந்து உட்காருவார். இசைத் தாளை முன்னால் வைப்பார்கள். பார்த்தவுடன் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அந்த வேலை கிடைப்பது கடினம்.

எர்லுக்குப் படிக்கத் தெரியும். அதனால் எல்லா வகை வேலையும் வந்தது. காலையில் திரைப்பட இசை என்றால், மாலையில் இளைஞர்கள் ஆடும் பாட்டு. ஃபிராங்க் சினாட்ரா, ரே சார்லஸ், சாம் குக் போன்ற பெரிய பாடகர்களுக்கு வாசித்தார். தொலைக்காட்சித் தொடர்களுக்கும் வாசித்தார். ஆனால் அவர் மனதுக்குப் பிடித்தது ஜாஸ். முதுமையிலும் சிறிய குழு வைத்து ஜாஸ் வாசித்தார்.

பெயர் இல்லை, உரிமை உண்டு

அந்தக் கால இசைத்தட்டுகளில் பாடகர் பெயர் இருக்கும். தாளக் கலைஞர் பெயர் பெரும்பாலும் இருக்காது. வாசித்த நேரத்துக்குக் கூலி உண்டு. பாட்டு எத்தனை இலட்சம் விற்றாலும் பொதுவாக அதில் பங்கு கிடையாது.

அந்தக் கூலியும் தானாக வரவில்லை. இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் இருந்தது. இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு கூலி என்று சங்கம்தான் பேசி முடிவு செய்தது. 1982-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் சங்கத்துக்கு எர்ல் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெடிபொருள் சுமந்த கைகள் சங்கத்தின் கணக்கைப் பார்த்தன.

2000-ஆம் ஆண்டு, ராக் இசையின் பெருமன்றம் பக்கக் கலைஞர்களுக்கும் சிறப்புச் செய்யத் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே எர்லுக்கு அந்தச் சிறப்புக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 75. அவர் 2008-ல் காலமானார்.

தாளம் எர்லுக்குச் சிறு வயதிலேயே வந்தது. படிப்பு பிறகுதான் வந்தது. ஆனாலும் காலம் கடந்து வரவில்லை.

புதிய சொற்கள்

ஒலிப்பதிவுக் கூடம் – பாட்டைப் பதிவு செய்யும் இடம்
ஒத்திகை – முன்கூட்டியே செய்து பார்த்தல்
பொருளாளர் – சங்கத்தின் வரவு செலவைப் பார்ப்பவர்
பக்கக் கலைஞர் – பாடகருக்குத் துணையாக வாசிப்பவர்

செய்து பாருங்கள்

ஒன்று முதல் நான்கு வரை எண்ணுங்கள். ஒன்றுக்கும் மூன்றுக்கும் காலைத் தட்டுங்கள். இரண்டுக்கும் நான்குக்கும் கையைத் தட்டுங்கள். எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள்.

விடை எழுதுங்கள்

1. எர்ல் பால்மர் எந்த நகரில் பிறந்தார்?
2. போரின்போது அவர் என்ன வேலை செய்தார்?
3. இசையைப் படிக்கத் தெரிந்ததால் அவருக்கு என்ன பயன் கிடைத்தது?

கலந்து பேசுங்கள்

உங்கள் தொழிலில் ஒரு நாள் கூலியை யார் முடிவு செய்கிறார்கள்? உழைப்பவர் பெயர் வெளியே தெரியாத வேலைகள் எவை?