மோட்டார் வாகனமும் பெற்றோல் பம்பியும்

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்: அமுக்கம்)

மாணவர்களே, "பம்பி பெற்றோலை உறிஞ்சுகின்றது" என்று எழுதிவிட்டுப் புள்ளியை இழப்பவர்கள் பலர். பெற்றோலை மேலே கொண்டுவருவது எது என்பதை இப்பாடத்தில் தெளிவாக விளங்கிக்கொள்வோம். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை ஊடாகச் செல்லும் ஏ5 வீதியின் ஏற்றங்களை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. புவியீர்ப்பு முறை

1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட போர்ட் மொடல் ரி காரில் பம்பி இல்லை. தாங்கி முன்னாசனத்தின் கீழ் இருந்தது. பெற்றோல் தன் நிறையினாலேயே காபரேற்றருக்கு வடிந்தது. செங்குத்தான ஏற்றத்தில் காரின் முன்பக்கம் உயரும்போது, தாங்கியில் பெற்றோல் குறைவாயின் அதன் மட்டம் காபரேற்றரைவிடத் தாழ்ந்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். எனவே சாரதிகள் காரைத் திருப்பிப் பின்புறமாக ஏற்றத்தில் ஏற்றினர்.

2. வெற்றிடத் தாங்கி முறை

பின்னர் பிரதான தாங்கி காரின் பின்புறத்துக்கு மாறியது. எஞ்சின் வளியை உள்ளெடுக்கும் குழாயிலுள்ள குறைந்த அமுக்கத்தைப் பயன்படுத்தி, உயரத்திலிருந்த சிறிய தாங்கிக்குப் பெற்றோல் கொண்டுவரப்பட்டது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் சாரதி அக்சிலேற்றரை முழுமையாக மிதிக்கும்போது, அக்குழாயின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தை நெருங்கிவிடும். அமுக்க வேறுபாடு குறைய, சிறிய தாங்கி நிரம்பாது. அதிக பெற்றோல் தேவைப்படும் வேளையிலேயே இம்முறை கைவிட்டது.

3. டயப்பிரம் பம்பி

1920களின் பிற்பகுதியில் பரவலாகியது. தொழிற்படும் விதம்:

(அ) எஞ்சினின் கேம் தண்டு சுழன்று, நெம்பின் மூலம் டயப்பிரத்தைக் கீழே இழுக்கும்.
(ஆ) அறையின் கனவளவு கூடி, அமுக்கம் குறையும்.
(இ) வளிமண்டல அமுக்கம் தாங்கியிலுள்ள பெற்றோலைத் தள்ள, உள்வழி வால்வு திறந்து பெற்றோல் அறைக்குள் வரும்.
(ஈ) சுருளிவில் டயப்பிரத்தை மேலே தள்ள, உள்வழி வால்வு மூடி வெளிவழி வால்வு திறக்கும்.

காபரேற்றர் நிரம்பியதும் அதன் மிதவை பாதையை மூடும். அப்போது டயப்பிரம் கீழேயே நிற்கும். நெம்பு மட்டும் வீணே அசையும். பெற்றோலைத் தள்ளுவது சுருளிவில்லே என்பதால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பெற்றோல் வழிந்தோடாது. இதன் நம்பகத்தன்மைக்கு இதுவே முக்கிய காரணம்.

நம் நாட்டில் பலரும் அறிந்த மொறிஸ் மைனர் காரில் டயப்பிரத்தை இழுப்பது மின்காந்தம். சாவியைத் திருப்பியதும் கேட்கும் 'டிக் டிக்' ஓசை அதனுடையதே. தொடுகை முனைகள் தேய்ந்தால் அது நின்றுவிடும்.

4. ஆவித்தடை

எஞ்சினின் வெப்பத்தால் குழாயில் பெற்றோல் ஆவியாகலாம். ஆவி எளிதில் நெருங்கி விரிவதால் பம்பி அசைந்தாலும் பெற்றோல் நகராது. மலைநாட்டில் வளிமண்டல அமுக்கம் குறைவு. எனவே பெற்றோல் மேலும் எளிதில் கொதிக்கும். பம்பியின் மேல் ஈரத்துணி போடுவது அதனைக் குளிர்விக்கவே. இன்றைய கார்களில் பம்பி தாங்கியினுள்ளேயே இருந்து, உயர் அமுக்கத்தில் பெற்றோலை முன்னே தள்ளுவதால் இச்சிக்கல் பெரிதும் நீங்கியுள்ளது.

மாதிரி வினா

தாங்கியின் பெற்றோல் மட்டம் பம்பியைவிட 40 சென்ரிமீற்றர் தாழ்வாக உள்ளது. பெற்றோலின் அடர்த்தி கன மீற்றருக்கு 750 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க. பம்பி ஏற்படுத்த வேண்டிய மிகக் குறைந்த அமுக்க வேறுபாடு யாது?

விடை: 0.4 × 750 × 10 = 3000 பஸ்கால்

கவனிக்க: சென்ரிமீற்றரை மீற்றராக மாற்ற மறவாதீர்கள். விளக்கம் கேட்டால் "வளிமண்டல அமுக்கம் தள்ளுகின்றது" என்றே எழுதுங்கள்.