மீண்டெழும் காடு

முன்னுரை

‘படித்து முடித்ததும் என்ன வேலைக்குப் போவாய்?’ என்று கேட்டால், நம்மில் பலர் டாக்டர் என்போம், ஆசிரியை என்போம், என்ஜினீயர் என்போம். ‘காட்டைப் பற்றி ஆராயப் போகிறேன்’ என்று சொல்பவர் அரிது. அவ்வாறு காட்டையே தம் பாடநூலாகக் கொண்டு, உலகுக்கு ஒரு புதிய உண்மையைக் கூறியவர் கனடா நாட்டுச் சூழலியல் அறிஞர் சி. எஸ். ஹாலிங்.

மரம், புழு, பறவை, மண், நீர் ஆகிய யாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் அமைப்பைச் சூழல் மண்டலம் என்கிறோம். அது அடிபட்டால் எவ்வாறு தாங்குகிறது? எப்போது மீள்கிறது? எப்போது மீளாமற் போகிறது? இவற்றை ஆராய்வதே அவருடைய வாழ்நாள் பணியாக இருந்தது.

இளமையும் முதல் பணியும்

ஹாலிங் 1930ஆம் ஆண்டு பிறந்தார். கனடாவின் வட ஒன்டாரியோப் பகுதியில் வளர்ந்தார். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1957இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். சூ செயின்ட் மரீ என்னும் ஊரில் இருந்த வனப்பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். ‘புனித மரியாவின் விரைநீர்’ என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள்.

பைன் மரங்களை அழிக்கும் ஒருவகைப் பூச்சியின் கூடுகளை, மண்ணுக்குள் வாழும் மூஞ்சூறுகளும் எலிகளும் தோண்டித் தின்பதை அவர் ஆராய்ந்தார். இரை பெருகப் பெருக, தின்னும் உயிரும் அதே அளவு கூடுதலாகத் தின்னுமா? இதுவே அவர் எழுப்பிய கேள்வி.

மேசைமீது ஒரு சோதனை

இதற்கு விடை காண அவர் செய்த சோதனை மிக எளியது. மூன்றடிச் சதுர மேசைமீது, வட்டமாக வெட்டிய உப்புத்தாள் துண்டுகளைப் பரப்பினார். தம் அலுவலகச் செயலாளரான பெண்ணின் கண்களைத் துணியால் கட்டினார். விரலால் தட்டித் தடவி, ஒரு நிமிடத்தில் எத்தனை துண்டுகளை எடுக்க முடியும் என்று பார்த்தார்.

துண்டுகள் கூடியபோது அவர் எடுத்த எண்ணிக்கையும் கூடியது. ஆனால் ஓரளவுக்கு மேல் அது அவ்வளவாக உயரவில்லை. ஏன்? ஒவ்வொரு துண்டையும் எடுத்து அப்பால் வைக்கவே நேரம் போய்விடுகிறது அல்லவா? பறவைக்கும் எலிக்கும் இதே நிலைதான். இதைக் கணிதச் சமன்பாடாக்கி 1959இல் வெளியிட்டார். ‘வட்டச் சமன்பாடு’ என்னும் பொருள்படும் பெயரில் அதைக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

காடும் மொட்டுப் புழுவும்

கிழக்குக் கனடாவின் காடுகளில் பால்சம் ஃபிர், ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் நிறைந்துள்ளன. இவற்றின் இளந்தளிரைத் தின்பது ஸ்புரூஸ் மொட்டுப் புழு. பெயரில் ஸ்புரூஸ் இருந்தாலும் அதற்கு மிகவும் பிடித்தது ஃபிர் மரமே!

மரங்கள் இளமையாக இருக்கும்போது பறவைகள் புழுக்களைத் தேடித் தின்று, அவற்றின் தொகையை அடக்கி வைக்கின்றன. மரங்கள் முதிர்ந்து தழை அடர்ந்ததும் புழுவைத் தேடிப் பிடிப்பது கடினமாகிறது. புழுக்கள் பெருகிய பின், பறவைகள் எவ்வளவு தின்றாலும் போதுவதில்லை. மேசைச் சோதனையில் கண்ட அதே வரம்பு இங்கும் குறுக்கே நிற்கிறது. சில ஆண்டுகள் தொடர்ந்து தளிரை இழந்த ஃபிர் மரங்கள் பட்டுப்போகின்றன. உணவில்லாமல் புழுக்களும் குறைந்துவிடுகின்றன.

காடு அழிந்துவிட்டதா? இல்லை. திறந்த வெளியில் ஒளி பாய்கிறது. கீழே காத்திருந்த ஃபிர் கன்றுகள் வளர்கின்றன. ஸ்புரூஸ், பிர்ச் மரங்களுக்கும் இடம் கிடைக்கிறது. சுமார் 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு நிகழ்கிறது.

மருந்து தெளித்ததன் விளைவு

காகிதத் தொழிலுக்கு மரம் தேவை; அத்தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன. ஆகவே, நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் 1952 முதல் விமானம் மூலம் டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். 1954இல் மிராமிஷி ஆற்றின் பக்கத்துக் காடுகளில் தெளித்தபோது சால்மன் மீன் குஞ்சுகள் ஏராளமாக மடிந்தன. இத்துயரத்தை அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியான தம் நூலில் உலகறியச் செய்தார்.

மரங்கள் பிழைத்தன என்பது உண்மையே. ஆனால் மரம் பிழைத்தால் புழுவின் உணவும் பிழைக்கும்; உணவு இருந்தால் புழுவும் இருக்கும். பரந்த காடெங்கும் முதிர்ந்த மரங்களே நின்றதால், தெளிப்பதை நிறுத்தினால் பேரழிவு வருமோ என்ற அச்சமும் நின்றது. நோயைத் தீர்க்க வந்த மருந்து, விடமுடியாத பழக்கமாகிவிட்டது.

ஹாலிங் கண்ட உண்மை

1973இல் ஹாலிங் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். மாறாமல் இருப்பது வேறு, மீண்டெழும் ஆற்றல் வேறு என்று அதில் விளக்கினார். மொட்டுப் புழுக் காட்டில் உயிர்களின் எண்ணிக்கை ஏறுகிறது, இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் வழியாகவே காடு நிலைத்து வாழ்கிறது. அசையாமல் பிடித்து வைக்க முயன்றால், வெளிக்கு அமைதியாகத் தோன்றும். உள்ளே தாங்கும் ஆற்றல் தேய்ந்துபோகும்.

‘அப்படியானால் இயற்கை தானே மீளும், நாம் எதுவும் செய்யலாம்’ என்று எண்ணக்கூடாது. அந்த ஆற்றலுக்கும் எல்லை உண்டு. ஓர் ஏரியில் வயல்களின் உரம் ஆண்டாண்டாகக் கலந்தால், ஒருநாள் தெளிந்த நீர் பாசி படர்ந்து பச்சையாகிவிடும். பிறகு உரம் வருவதை நிறுத்தினாலும், அடிச்சேற்றில் தங்கிய பாஸ்பரஸ் பாசிக்கு உணவளித்துக்கொண்டே இருக்கும். எல்லையைக் கடப்பது எளிது. திரும்பி வருவது அரிது.

பிற்காலப் பணிகள்

இயற்கையை முழுவதும் அறிந்தவர் எவருமில்லை; எனவே செய்து பார்த்து, கவனித்து, தவறினால் திருத்திக்கொள்ள வேண்டும் என்னும் முறையை அவர் 1978இல் ஒரு நூலாகத் தொகுத்து அளித்தார். ஆஸ்திரியாவில் கிழக்கு, மேற்கு நாடுகள் சேர்ந்து 1972இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1981 முதல் 1984 வரை இயக்குநராக இருந்தார். பின்னர் அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 2019இல் தம் 88ஆம் வயதில் காலமானார்.

முடிவுரை

அடுத்த ஆண்டு நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘உயிரியல் போதும், கணக்கு வேண்டாம்’ என்று சொல்லும் தோழிகள் பலர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். காட்டையும் பூச்சியையும் ஆராய்ந்தவருக்குக் கணக்கே வலக்கையாக இருந்ததை அறிந்தபின் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். எலியைக் கவனிக்கும் பொறுமையும், கவனித்ததைக் கணக்கிடும் அறிவும் சேர்ந்தால்தான் சூழலியலில் தேறமுடியும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், இவ்வுலகம் நாம் அனைவரும் வாழும் பொது இல்லம் என்று நினைவூட்டினார். வீட்டைக் காப்பவர் முதலில் அந்த வீட்டை அறிந்திருக்க வேண்டும். இறைவன் நம் கையில் ஒப்படைத்த இந்த இல்லத்தை அறிந்து காக்கும் பணிக்கு, நம் பள்ளியிலிருந்தும் சிலர் புறப்படுவோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி