வலி இல்லாதபோதே போ

அன்புள்ள கவின்,

சனிக்கிழமை பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாயாமே, உன் அப்பா போனில் சொன்னான். வேலைக்குப் போகிற வயசு வரைக்கும் அந்த நாற்காலியில் உட்காராமல் தப்பித்துவிட்டாய். 'வலியே இல்லை, எதற்குப் போகணும்' என்று முணுமுணுத்தாயாம். போகவேண்டிய நேரம் அதுதான். பல்லின் மேல்பூச்சான எனாமலில் நரம்பு கிடையாது. சொத்தை அதற்குள் இருக்கும்வரை உனக்குத் தெரியவே தெரியாது. அடுத்த அடுக்கைத் தொட்டால் கூச்சம் வரும், நரம்பை எட்டினால் ராத்திரித் தூக்கம் போகும். கிளினிக்கில் டாக்டர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு நின்றவள் நான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் 'நேற்றுதான் ஆரம்பிச்சது' என்பார்கள். சொத்தைக்கு அதற்குள் வருஷக்கணக்கில் வயசாகியிருக்கும்.

முதலில் ஒரு படிவம் தருவார்கள். பல்லைக் காட்ட வந்தவனிடம் இருதயம், சர்க்கரை, மாத்திரை என்று ஏன் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதே. சர்க்கரை ஏறியிருந்தால் ஈறு சீக்கிரம் கெடும், புண் ஆற நாளாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பல்லை எடுத்தால் ரத்தம் லேசில் நிற்காது. சின்ன வயசில் பென்சிலின் போட்டு உனக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனதே, அதை மறக்காமல் எழுது. சிகரெட்டையும் எழுது. அப்பாவிடம் மறைத்தது இருக்கட்டும், பல்லின் உள்பக்கத்துக் கறை டாக்டரிடம் எப்படியும் சொல்லிவிடும்.

டாக்டர் எடுத்தவுடன் பல்லைத் தொட்டால் எனக்குத் திருப்தி இல்லை. நல்லவராக இருந்தால் தாடைக்கு அடியில் நெரி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்வார். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும் அடியையும் பார்ப்பார். வாய்ப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, பார்த்தால்தான் உண்டு.

அப்புறம் சின்னக் கண்ணாடியும் கூர்மையான கம்பியும் வரும். அப்போது ஏதோ நம்பர் சொல்வார், பயந்துவிடாதே. வாயை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் முன்பல்லிலிருந்து கடைசி வரை எட்டு எண்கள். 'மூணு ஆறு' என்றால் மூணாவது பாகமான கீழே இடது பக்கத்தில் ஆறாவது பல், முதல் பெரிய கடைவாய்ப்பல். சின்ன வயசிலேயே முளைத்து, பால்பல்தானே என்று வீட்டில் அசட்டையாக விடுகிற பல் அது. நான் எழுதின சொத்தைக் கணக்கில் அதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

ஈறுக்கு வேறு கம்பி, அதில் மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு அளந்து 'ரெண்டு, மூணு, ரெண்டு' என்று சொன்னால் நிம்மதியாக இரு. நாலு, ஐந்து என்று கேட்டால் காதைத் தீட்டிக்கொள். அங்கே ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கியிருக்கலாம். ரத்தம் கசிந்தால் கம்பி குத்திவிட்டது என்று நினைக்காதே. வீங்கின ஈறு தொட்டாலே கசியும்.

எக்ஸ்ரே எடுக்கலாம். வாய்க்குள் வைக்கிற சின்னப் படமானால் ஓரம் நாக்கடியில் உறுத்தும். மூக்கால் மூச்சு விடு, அவ்வளவாகக் குமட்டாது. கதிர்வீச்சைப் பற்றி உன் அம்மா கவலைப்படுவாள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் சும்மாவே நம் மேல் விழுகிற அளவை ஒட்டியதுதான் அது என்று சொல்லிவிடு.

அன்றைக்கே கிளீனிங் செய்துகொள்ளலாமா என்று கேட்டால் சரி என்று சொல். கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்பதெல்லாம் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு. ஈறு ஏற்கெனவே இறங்கி விட்ட இடத்தைப் பற்காரை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் வருவதுதான் கவனமாக இருக்கவேண்டிய இடம். இத்தனை ஃபில்லிங், ஒரு ரூட் கெனால், கேப், ஞானப்பல் எடுக்கணும் என்று மொத்தத் தொகையோடு ஒரு தாள் நீட்டலாம். அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. எந்தப் பல், எக்ஸ்ரேயில் எங்கே தெரிகிறது, எது உடனே, எது ஆறு மாதம் பொறுக்கும் என்று கேள். முகம் சுளிக்காமல் காட்டுகிறவரிடம் தொடர்ந்து போ. நேராக முளைத்து, சொத்தை இல்லாமல், தொந்தரவும் தராத ஞானப்பல்லை எடுக்கணும் என்றால் ஏன் என்று கட்டாயம் கேள். சந்தேகம் தீரவில்லையா, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நில். படிக்கிற பிள்ளைகள் பார்ப்பதால் நேரம் இழுக்கும். ஆனால் அவர்கள் எழுதினதை மேலே ஒருவர் சரிபார்ப்பார், உன் பல்லில் லாபம் பார்க்கிற அவசரமும் அங்கே இல்லை.

வெறும் வயிற்றோடு போகாதே. மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டால் கொஞ்ச நேரம் மென்று சாப்பிட முடியாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வாய். எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி எனக்கும் அனுப்பு. அந்த மூணு ஆறு எப்படி இருக்கிறது என்று பார்க்கணும்.

அன்புடன்,
அத்தை