கிளச் மிதியைக் கழற்றுமுன்

வாழைச்சேனையில் கராஜ் நடத்தும் தம்பிக்கு,

கடதாசி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தன் மொறிஸ் மைனரை உங்களிடம் விட்டு, ஒட்டோ கியராக்கித் தரச் சொல்லியிருக்கிறாராம். வைக்கோலில் கடதாசி செய்யத் தொடங்கிய காலத்துக் கார் அது. அவருடைய இடது முழங்கால் இப்போது மடங்க மறுக்கிறது. பழைய ஓட்டமாவடி இரும்புப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே தளத்தில் போன நாட்களில், முன்னால் லொறி நிற்க நிற்க அரைக் கிளச்சில் ஊர்ந்து பழகிய கால். அந்தக் காலுக்காக என்றால் வேலையை எடுக்கலாம். பாசிக்குடாவில் நிறுத்திப் படம் பிடிக்க ஆசைப்படும் பெடியன் கேட்டிருந்தால், வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதே நல்லது.

மைனர் 1948இல் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் காருக்கு நாலு கியர், கையால் போடுவது. ஐயாவின் எஞ்சின் 948 சிசி. புதிதில் 37 குதிரைவலு. இதே எஞ்சின் குடும்பத்துக்கு 1965இல் மினியில் ஒட்டோ பெட்டி வந்தது உண்மைதான். ஆனால் மினியில் எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும், பெட்டி அதன் அடியில் இருக்கும், இரண்டுக்கும் ஒரே ஒயில். மைனருக்குள் அது ஏறாது. வேறு பெட்டியைத் தேடி இந்த எஞ்சினின் பின்னால் மாட்டினாலும், டோர்க் கன்வேர்ட்டர் தன் பங்கைத் தின்ற பிறகு சக்கரத்துக்கு என்ன மிஞ்சும்?

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மைனர் பிரியர்கள் டட்சனின் ஏ-12 எஞ்சினை, அதாவது 1171 சிசியை, உள்ளே இறக்குகிறார்கள். டட்சன் சன்னிக்கு வந்த மூன்று கியர் ஜட்கோ 3என்71பி பெட்டி அந்த எஞ்சினுக்குச் சொந்தச் சோடி. ஆக, கியர்ப் பெட்டி மாற்றம் என்று தொடங்குவது எஞ்சின் மாற்றத்தில் போய் முடியும். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. ஸ்பானரைத் தொடுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, அந்த மாற்றத்தைப் பதிய வழிசெய்யும்படி ஐயாவிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஐயாவின் பிள்ளைகள் பின்னால் காரை விற்கப்போய் மாட்டிக்கொள்வார்கள்.

பிறகு தரை. பெட்டி அகலம் கூடியது, சுரங்கத் தகட்டை வெட்டி உயர்த்தத்தான் வேண்டும். தகட்டைத் தேவையான அளவு வெட்டலாம். அடியில் குறுக்கே போகும் சட்டத்தை மட்டும் தொடவேண்டாம். முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் அதில்தான் பிடித்திருக்கின்றன. அதை அரைவாசி அறுத்துவிட்டு மேலே ஒரு பட்டையை வெல்ட் பண்ணிச் சமாளித்த கார்கள் உண்டு. கொஞ்ச நாளில் மூக்கு ஒருபக்கம் சாயும். வாவிக்கரைக் கார் என்பதால் சுத்தியலால் தட்டி, உப்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தகடு கிடைக்காது என்று சாட்டுச் சொல்ல வேண்டாம். தென்னிலங்கையில் டியூரபிள் கார் கம்பனி மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கே அனுப்பிய நாடு இது.

அவசரக்காரர்கள் தோற்கும் இடம் டோர்க் கன்வேர்ட்டர். அதைப் பெட்டிக்குள் தள்ளி, இரண்டு கையாலும் மெல்லத் திருப்ப வேண்டும். கடக் என்று ஒருமுறை இறங்கும். நிறுத்தாமல் திருப்பினால் இன்னொரு கடக். மூன்றாவதாகவும் இறங்கினால்தான் அதன் காம்பு ஒயில் பம்பின் பற்களைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டி வாயின் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்து, கையேட்டில் உள்ள ஆழம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். எஞ்சினோடு சேர்த்த பின்னும், எஞ்சினின் டிரைவ் தகட்டோடு போல்ட் போடுமுன், கன்வேர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். சுற்றாமல் இறுகினால் போல்ட்டால் இழுத்து மூடாமல் திரும்பக் கழற்றுங்கள். அப்படி மூடிய பெட்டியில் முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் போய்விடும்.

மைனரின் ரேடியேட்டரில் கியர் ஒயிலுக்கு இடமில்லை. முன்னால் காற்றுப்படும்படி தனிக் கூலர் ஒன்று வையுங்கள். மட்டக்களப்பு வெயிலில் இது அலங்காரச் சாமான் இல்லை. டிஃப்பின் பல்விகிதம் 4.55 என்றால் 60 கிலோமீற்றர் வேகத்திலேயே எஞ்சின் நிமிடத்துக்கு 2500 தடவைக்குக் கிட்டச் சுற்றும். பிந்திய மைனரின் 4.22 கிடைத்தால் போட்டுவிடுங்கள்.

பிரேக்கில் இன்னும் கூடக் கவனம் வேண்டும். டி-யில் போட்ட கார் மிதியை விட்டதும் தானாக ஊரும். முன்பெல்லாம் கியரைக் குறைத்து வேகத்தை அடக்கிய ஐயா இனிப் பிரேக்கையே நம்புவார். 948 மைனரின் முன் டிரம் 7 அங்குலம்தான். 1962க்குப் பிந்திய 1098 மைனரின் 8 அங்குல டிரம்மைத் தேடுங்கள். கிளச் மிதியும் பிரேக் மிதியும் ஒரே தண்டில் ஆடுவதால், ஒன்றைக் கழற்றிய இடத்தில் அளவான புஷ் போடாவிட்டால் மற்றது பக்கத்துக்கு ஆடும். பி-யிலும் என்-னிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகும் சுவிட்சை “பிறகு பார்க்கலாம்” என்று விடவே கூடாது. கியர் விழுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் கார் முன்னால் நிற்பவர் மேல் பாயும்.

ஐயாவிடம் ஒன்றை முதலே சொல்லிவிடுங்கள்: இனித் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. பற்றரி இறந்தால் ஊர்ப் பெடியள் பத்துப்பேர் தள்ளினாலும் பயனில்லை. பின்சக்கரம் நிலத்தில் உருள இழுத்துக்கொண்டு வரவும் கூடாது; எஞ்சின் ஓடாமல் பம்ப் ஓடாது, பெட்டிக்குள் ஒயில் ஏறாது.

கழற்றிய பழைய எஞ்சின், பெட்டி, கிளச் கோல்கள், மிதி எல்லாவற்றையும் ஒயில் பூசி, பெயரெழுதிக் கட்டி அவர் வீட்டிலேயே வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கவேண்டாம். பேரப்பிள்ளைக்கு நாளைக்கு நாலு கியர் தேவைப்படலாம்.

வேலை முடிந்ததும் கல்குடாப் பக்கம் ஒரு சுற்று ஓடி, சூட்டோடு எஞ்சினை நிறுத்தாமல் பி-யில் வைத்து ஒயில் கோலைப் பாருங்கள். இரவு காருக்கு அடியில் ஒரு காட்போட் அட்டையை விரித்துவிட்டுப் போங்கள். காலையில் அதில் சிவப்புப் பொட்டு இருந்தால், ஐயாவிடம் இன்னொரு கிழமை கேளுங்கள்.