விதைநெல்லும் கைமுதலும்

வயலை விட்டு இடம்பெயர்ந்து வந்து ஹெந்தளை, வத்தளைப் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்களுள் பல, இடியப்பம் அவித்தோ, வடை சுட்டோ, தையல் தைத்தோ சீவிக்கின்றன. நிலம் கையில் இல்லை. ஆயினும் கமக்காரருக்குத் தெரிந்த ஒரு கணக்கு நம்மோடு வந்திருக்கிறது. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்க மாட்டோம். சிறுதொழிலில் அந்த விதைநெல் எது என்பதே இந்தப் பாடம்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா; மே மாதத்தில் 360 ரூபா. ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்கும் சற்றுக் குறைவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா. அதற்கும் வரிசை. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 வீதம் கூடியிருந்தது.

இப்படியான காலத்தில் விற்பனை இல்லாமல் நின்றுபோகும் தொழில்கள் உண்டு. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் தொழில்களும் உண்டு. இரண்டாவதுதான் விளங்கிக்கொள்ளக் கடினம்.

நாளொன்றுக்கு மா, எரிவாயு, பஸ் செலவு எல்லாமாக 2,000 ரூபா போட்டு இடியப்பம் அவித்து, 2,800 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 800 ரூபா என்று வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடுகிறீர்கள். அடுத்த கிழமை அதே சாமான்கள் 2,600 ரூபா. கையில் இருப்பதோ 2,000. நான்கு கிலோ மா குழைத்தவர் இனி மூன்று கிலோவுக்குச் சற்று மேல்தான் குழைக்கலாம். அதற்கடுத்த கிழமை இன்னும் குறையும். அந்த 800 ரூபாவில் உண்மையான இலாபம் 200 மட்டுமே. மீதி 600 ரூபா விதைநெல். அதைத் தெரியாமல் அவித்துச் சாப்பிட்டாயிற்று.

ஆகவே விலை போடும்போது மாவை வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள். அடுத்த முறை வாங்கப்போகும் விலையைப் பாருங்கள். இது கொள்ளை இலாபம் அல்லவா என்று சிலர் தயங்குவார்கள். சாமானைப் பதுக்கி வைத்து விலையேற்றுவது வேறு, நாளைக்கும் அடுப்பு மூட்டுவதற்கு வேண்டியதைக் கேட்பது வேறு. முன்கூட்டியே சொல்லி, சிறிது சிறிதாகக் கூட்டினால் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வர். சொல்லாமல் இடியப்பத்தைச் சிறிதாக்குவதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

தொழிற்காசுக்கு ஒரு பேணி, வீட்டுக்காசுக்கு ஒரு பேணி வைத்துக்கொள்ளுங்கள். உழைப்புக்கு நாட்கூலி என்று ஒரு தொகையைத் தீர்மானித்து, அதை மட்டும் வீட்டுப் பேணிக்கு மாற்றுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தொழிற்பேணியைத் திறக்கத்தான் வேண்டிவரும். அப்போது எடுத்த தொகையைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

கடன் கொப்பியையும் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக் கடைகளுக்கு நாளாந்தம் கொடுத்து மாதக் கடைசியில் காசு வாங்குவோர் நம்மிடையே அநேகர். விலை ஏறும் காலத்தில் மாதம் கழித்து வரும் 1,000 ரூபா பழைய 1,000 ரூபா அல்ல. நெருக்கடி தொடங்குமுன்னரே கிழமைக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது. நெருக்கடி வந்தபின் கேட்டால் கடைக்காரரிடமும் காசு இராது.

எரிபொருளுக்கு இரண்டாவது வழி ஒன்று எப்போதும் இருக்கட்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு மண்ணெண்ணெயை வைத்து இரவைக் கழித்தவர்கள் நாம். இதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொச்சும் சிரட்டையும் இந்தப் பக்கத்தில் கிடைக்கும். ஆனால் மதிலோடு மதிலாக வீடுகள் உள்ள இடத்தில் புகை சண்டையைக் கொண்டுவரும். அடுப்பை எங்கே வைப்பது என்று அயலவரோடும் வீட்டுச் சொந்தக்காரரோடும் இப்போதே பேசி வையுங்கள். மாவை அதிகமாக வாங்கி அடுக்குவதில் பயனில்லை, வண்டு பிடித்துவிடும். அதுவும் கடன்பட்டு வாங்கவே கூடாது.

2022 ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு வங்கிக் கடன் வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. வீடு தேடி வந்து கொடுக்கும் கிழமைத் தவணைக் கடனுக்கு வட்டி அதைவிடக் கூட இருக்கலாம். வியாபாரம் படுத்தாலும் தவணை நிற்காது. சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் நல்ல காலத்திலேயே அங்கத்தவராகிச் சிறு தொகை சேமித்து வந்தவருக்கு, கெட்ட காலத்தில் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கிழமைக் கணக்கை எழுதிக் கொண்டு வாருங்கள். சாமான் வாங்கிய விலை ஒரு பக்கம், அதே சாமானின் இன்றைய விலை மறுபக்கம். உங்கள் இலாபத்தில் எவ்வளவு விதைநெல் கலந்திருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.